கையை எடுத்தால் நிற்க வேண்டும்

முப்பத்தொரு வருடம் கொழும்புத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன் நான். இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. கப்பலின் வயிற்றிலிருந்து கொள்கலனைத் தூக்கி லொறியின் முதுகில் வைக்கும்போது, உள்ளே இருக்கும் லொறிக்காரரின் கையிலுள்ள பிளேன்டீ தளும்பக் கூடாது. என் கையில் அது தளும்பியதில்லை. தளும்பியது என்று யாராவது சொன்னால், அவர் வேறு யாருடைய ஷிஃப்டையோ பற்றிப் பேசுகிறார்.

அந்த வேலையில் நான் மறக்காத சட்டங்கள் இரண்டு. லீவரிலிருந்து கையை எடுத்தால் கிரேன் நிற்க வேண்டும் என்பது ஒன்று. ஓட்டுகிறவன் மயங்கி விழட்டும், கோபித்துக்கொண்டு எழுந்து போகட்டும், கை போன அந்த நொடியே பிரேக் விழும். மற்றது சைகை. கீழே நிற்கும் சிக்னல்காரர் கையைக் காட்டாமல் மேலே இருப்பவன் எதையும் அசைக்கக் கூடாது. ஆனால் நிறுத்து என்ற சைகையை மட்டும் யாரும் காட்டலாம். விரல்களை முட்டியாக மூடிக் கையை உயர்த்திப் பிடித்தால் போதும். மேற்பார்வையாளர் காட்டினாலும், தரை கூட்டுகிறவர் காட்டினாலும் நிறுத்தியே ஆக வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது.

இவற்றையெல்லாம் சாப்பாட்டு மேசையில் மனைவிக்குச் சொல்லிக்கொண்டே இருப்பேன். தட்டையும் கரண்டியையும் வைத்துச் சைகைகளைச் செய்தும் காட்டுவேன். அவள் "ம்" கொட்டிக்கொண்டு மீன் முள்ளை எடுப்பாள். செவிடன் காதில் ஊதிய சங்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஓய்வு பெற்ற பிறகு, எங்கள் குளியலறையில், ஒரு சவர்க்காரத் துண்டில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டேன். ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். வோக்கரைப் பிடித்து வீட்டுக்குள் நடக்கலாம், படி மட்டும் கூடாது என்றார்கள். எங்கள் வீடோ கொட்டாஞ்சேனையில், லிஃப்ட் இல்லாத பழைய தொடர்மாடியில், மூன்றாம் மாடியில். அறுபத்திரண்டு படிகள். வைத்தியர் அதை ஒரு சாதாரண விஷயம்போலச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு பேக்கரிப் பாண், மரக்கறி, மருந்து எல்லாவற்றையும் மனைவிதான் தூக்கிக்கொண்டு ஏறினாள். அவளுக்கு வலது தோள்மூட்டு இறுகிப்போய் இரண்டு வருடம். முழங்காலும் நன்றாக இல்லை. படியில் அவள் ஏறிவரும் சத்தம் எனக்கு மனப்பாடம். முதலாம் மாடியில் ஒரு தரம் நிற்பாள், இரண்டாம் மாடியில் பையை வைத்துவிட்டு மூச்சு வாங்குவாள். நாற்பது தொன் பாரத்தைத் தூக்கியவன் ஒரு றாத்தல் பாணுக்காகப் பெண்சாதியின் மூச்சைக் கேட்டுக்கொண்டு கதிரையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

எங்களுக்கு ஒரே மகள். வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், லிஃப்ட் உள்ள வீட்டில் கணவனுடன் இருக்கிறாள். ஒரு சனிக்கிழமை வந்தவள் தாயின் காலைப் பார்த்தாள், வீங்கியிருந்தது.

"அப்பா, இனி இது சரிவராது. அம்மா ஒரு நாளைக்குப் படியில விழுந்தா ஆர் தூக்கிறது? நீங்களா?"

நான் வோக்கரை என் பக்கம் இழுத்தேன்.

"நத்தாருக்கு முந்தி அங்க வாங்கோ. அறை சும்மாதான் கிடக்கு, கடல் காத்தும் வரும். இந்த வீட்டை வித்துப்போடுவம்."

அவள் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை, அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. எனக்கு என் வீடு வேண்டும். பல்கனியில் இருந்தால் கூரைகளுக்கு மேலே துறைமுகக் கிரேன்களின் தலைகள் தெரியும். எந்தக் கிரேன் வேலை செய்கிறது, எது நிற்கிறது, எவன் அவசரப்படுகிறான் என்று இங்கிருந்தே திட்டுவேன். வெள்ளவத்தையில் யாரைத் திட்டுவது? அம்மா படியில் சாமான் தூக்குவதை நிறுத்தினால் இந்தப் பேச்சை விடுவாயா என்று மகளிடம் கேட்டேன். நிறுத்திக் காட்டுங்கள் பார்ப்போம் என்றாள். டிசம்பர் நத்தாருக்கு அப்போது மூன்று மாதம் இருந்தது. மனைவி என்ன நினைக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. மகளும் கேட்கவில்லை.

அலுமாரிக்கு மேலே ஒரு ரோபோப் பெட்டி கிடந்தது. மகள் பம்பலப்பிட்டியில் பள்ளிக்கூடம் படிக்கும்போது நான் வாங்கிக் கொடுத்தது. துண்டு துண்டாகப் பொருத்தும் பிளாஸ்டிக் சட்டங்கள், பற்சக்கரங்கள், மூன்று மோட்டார், தொட்டால் உணரும் ஒரு பொத்தான், இவற்றுக்கெல்லாம் மூளையாக ஒரு சாம்பல் நிறக் கட்டை. அதை ஒழுங்காக நடத்த ஒரு சீடியும் கம்ப்யூட்டரும் வேண்டும். மகள் ஒரு நாயைச் செய்தாள், அது மூன்று அடி நடந்து சுவரில் முட்டியது, அத்தோடு பெட்டி மேலே போய்விட்டது. கம்ப்யூட்டர் பழைய இரும்புக்காரரிடம் போய் எத்தனையோ வருடம்.

படுக்கையில் கிடந்த நாட்களில் அந்தப் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மனைவியைக் கொண்டு இறக்குவித்தேன். ஆறு பட்டரி போட்டதும் சாம்பல் கட்டை ஒரு சின்ன மெட்டுப் பாடிக்கொண்டு விழித்தது. பதினாறு வருடத் தூக்கம்! என்னைவிட நன்றாக எழும்பியது.

அதனோடு பேசுவது எப்படி? செய்த கம்பனி அந்தப் பழசைக் கைகழுவிவிட்டது. எங்கேயோ ஒரு நாட்டில் என்னைப் போல ஒரு பொழுதுபோக்குக்காரர், பழைய கட்டையை டெப்லட்டால் நடத்தும் ஆப் ஒன்றைச் செய்து சும்மா போட்டிருந்தார். மருமகனின் புது டெப்லட்டில் அது ஏற மாட்டேன் என்றது. ஞாயிறு பூசை பார்க்கவென்று மகள் எனக்குத் தந்திருந்த, மூலை வெடித்த பழைய டெப்லட்டில் ஏறியது. பழசுக்குப் பழசுதான் சரி. புளூடூத்தைத் திறந்தேன், கட்டை இரகசிய எண் கேட்டது, ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று கொடுத்தேன். "டிங்" என்றது. அந்தச் சத்தத்துக்கு நான் கதிரையில் இருந்தபடியே கையைத் தட்டினேன்.

ஆப்பில் இரண்டு பக்கம் இருந்தது. ஒன்றில் அம்புக்குறியை அழுத்தினால் மோட்டார் சுற்றும். மற்றதில் கட்டளைகளைச் சின்னச் சதுரங்களாக ஒன்றன்கீழ் ஒன்று அடுக்கலாம். இவ்வளவு சுற்று, இந்தப் பக்கம், பொத்தான் அமுங்கும்வரை காத்திரு, பிறகு நிறுத்து. இதைப் புரோகிராம் என்கிறார்கள். இதில் பயப்பட என்ன இருக்கிறது? துறைமுகத்தில் காலையில் தரும் வேலைத்தாளும் இதே மாதிரித்தான் இருக்கும். ஒரு வாரத்தில் நான் ஒரு வண்டி செய்து, கட்டிலில் இருந்தபடி குசினிவரை ஓட்டினேன். அது மனைவியின் காலில் ஏறியது.

"இந்த வயசில உங்களுக்கு விளையாட்டு," என்றாள். "அதில ஒரு தேத்தண்ணியாவது வருமெண்டா சொல்லுங்கோ."

தேத்தண்ணி வராது, பாண் வரும் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது.

எங்கள் தொடர்மாடியில் மேல் வீட்டுப் பெண்கள் கயிற்றில் கூடையை இறக்குவது பழைய வழக்கம். பாண்கார முச்சக்கர வண்டி தன் ஒரே மெட்டைப் பாடிக்கொண்டு வந்து நின்றதும் நாலைந்து கூடைகள் இறங்கும். என் மனைவியும் இறக்கியவள்தான், தோள் இறுகிய பிறகு விட்டுவிட்டாள். நீங்கள் இழுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எழுந்து நின்று இரண்டு கையாலும் இழுக்க வேண்டும், என் இரண்டு கையும் வோக்கருக்கு வேண்டும். அது சொல்லிக்கொள்ளும் காரணம். உண்மைக் காரணம் எனக்கு ஒரு கிரேன் வேண்டும்.

பல்கனிக் கிறிலில் பிளாஸ்டிக் சட்டங்களை நைலோன் பட்டியால் இறுக்கி ஒரு கை நீட்டினேன். மனைவியின் தையல் மெஷின் நூல் றீல்தான் உருளை. கயிற்றுக்குப் பதில் மீன்பிடிக்கிற தங்கூசி. மோட்டாரின் வேகத்தைப் பற்சக்கரங்களால் குறைத்துப் பலத்தைக் கூட்டினேன். நுனியில் தொடு பொத்தான், கூடை மேலே வந்து அதை முட்டினால் மோட்டார் நிற்கும். கதிரையில் இருந்தே எல்லாம் நடக்கும். ஒரு றாத்தல் பாணை முனகாமல் தூக்கியது. இரண்டு றாத்தலை முனகிக்கொண்டு தூக்கியது. இரண்டு தேங்காயைக் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை.

முதல் நாள் கூடை இறங்கியபோது பாண்காரர் தன் மெட்டை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார். "மஹத்தயா, மேக்க கரன்ட் எக்கென்த?" என்றார். ஓம், பட்டரிக் கரன்டில்தான் ஓடுது என்று சிங்களத்தில் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு முன்னால் தேவைக்கு அதிகமாக நின்றார். வேறு மாடிகளில் இருந்தும் எட்டிப் பார்த்தார்கள். நான் டெப்லட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றும் நடக்காத மாதிரி இருந்தேன். இரண்டு வாரம் இப்படிப் போனது. மருந்து, கீரை, அரைக் கிலோ அரைக் கிலோவாக அரிசி, எல்லாம் காற்றில் ஏறி வந்தது.

"இனி நீர் கீழ இறங்கவே தேவையில்ல," என்று மனைவியிடம் சொன்னேன். இராசாத்தியாக இருக்கட்டும் என்று நினைத்துச் சொன்னது.

"ம்," என்றாள். அன்றைக்குக் குழம்பில் உப்பு இரண்டு தரம் விழுந்திருந்தது. அவள் அதற்குப் பிறகும் ஏதாவது சாட்டுச் சொல்லி இறங்கிக்கொண்டுதான் இருந்தாள். கொத்தமல்லியைக் கையால் பார்த்து எடுக்க வேண்டும், மீன்காரர் ஏமாற்றுவார் என்பாள். நாய் வாலை நிமிர்த்த முடியுமா என்று நான் முணுமுணுத்தேன்.

அந்த நாளும் அப்படி இறங்கியிருந்தாள். கூடையில் பாணும் ஒரு சின்னப் போத்தல் தேங்காயெண்ணெயும் வைத்துவிட்டு, "தூக்குங்கோ!" என்று கத்தினாள். தூக்கு என்ற சதுரத்தைத் தட்டினேன். கூடை இரண்டாம் மாடியளவில் வரும்போது டெப்லட்டில் மகள் வீடியோவில் அழைத்தாள். நல்ல நேரத்தில்தான் கூப்பிடுகிறாள், காட்டுவோம் என்று கிரேன் பக்கத்தை விட்டு அழைப்பை எடுத்தேன். முப்பத்தொரு வருடப் பழக்கம் எனக்குள் என்ன சொன்னது? கையை எடுத்தாய், நிற்கும்.

நிற்கவில்லை. புரோகிராம் ஓடுவது டெப்லட்டில், கட்டையில் அல்ல. அதில் இருந்து ஒவ்வொரு கட்டளையும் காற்றில் போகிறது. அழைப்பு வந்ததும் ஆப் பின்னால் போய்த் தூங்கிவிட்டது. கட்டைக்குக் கடைசியாகக் கிடைத்த கட்டளை தூக்கு என்பது, அது கீழ்ப்படிந்து தூக்கிக்கொண்டே இருந்தது. கூடை மேலே வந்து பொத்தானை முட்டியது. முட்டியது என்ற செய்தியைக் கேட்க ஆளில்லை. தங்கூசி இழுபட்டு, "டப்" என்று அறுந்தது.

கீழே போத்தல் உடையும் சத்தமும் அவள் கத்திய சத்தமும் ஒன்றாக வந்தன. திரையில் மகள் "அம்மா! அம்மா!" என்று அலறினாள். நான் கதிரையில் இருந்து எழும்பி, வோக்கரைப் பிடித்து, கிறிலுக்குப் போக ஏழெட்டு அடி. நிறைந்த கப்பலை நான் ஒரு ஷிஃப்டில் வெறுமையாக்கியிருக்கிறேன், அது இவ்வளவு நேரம் எடுக்கவில்லை. எட்டிப் பார்த்தேன். அவள் நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய காலில் இருந்து ஒரு முழத்தில் கண்ணாடியும் எண்ணெயும் சிதறிக் கிடந்தன.

"ஒண்டுமில்ல," என்றாள் மேலே பார்த்து. "எண்ணெய்தான்."

எனக்கு அழுகை வந்தது, அழுதேன். தொங்கும் பாரத்துக்குக் கீழே ஒருவரும் நிற்கக் கூடாது என்பது துறைமுகத்தில் நேற்று வந்தவனுக்கும் தெரியும். நான் என் மனைவியை நிற்க வைத்தேன்.

மாலையில் மகள் வந்தாள். சத்தம் போடவில்லை, அதுவே பெரிய தண்டனை. விற்பனைக்கு என்று மூன்று மொழியிலும் அடித்து, பிளாஸ்டிக் ஒட்டி, தன் போன் இலக்கத்தையும் போட்ட ஒரு தாளைக் கொண்டுவந்திருந்தாள். போகும்போது அதைக் கீழே கேற்றில் கட்டிவிட்டுப் போனாள். நான் மறுக்கவில்லை. எந்த முகத்தோடு மறுப்பது?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கட்டையைத் திட்டி நான் என்னைத் தப்பவைக்க விரும்பவில்லை. அது ஒரு பிழையும் செய்யவில்லை, சொன்னதைச் செய்தது. நான்தான் லீவரும் சிக்னல்காரரும் இல்லாத கிரேனை ஓட்டினேன். வீடு போனாலும் பரவாயில்லை, ஒரு பிழையான கிரேனைச் செய்துவிட்டுப் போனவன் என்று நான் போகப்போவதில்லை. அடுத்த நாளே எல்லாவற்றையும் கழற்றினேன்.

கட்டளைகளை நோண்டிப் பார்த்ததில் ஒன்று கண்டுபிடித்தேன். தூக்கு என்று மொட்டையாகச் சொல்லாமல், இத்தனை சுற்று மட்டும் தூக்கு என்று சொன்னால், அந்தக் கணக்கைக் கட்டையே எண்ணி முடித்துத் தானாக நிற்கிறது. டெப்லட் செத்தாலும் நிற்கிறது. ஆகவே ஒரு தட்டுக்கு ஒரு முழம் என்று வைத்தேன். கூடை மேலே வர முப்பது தட்டுக்குக் குறையாது. விரலை எடுத்தால் ஒரு முழத்துக்குள் நிற்கும். பெட்டியின் அடியில் திருகாணிபோல் முறுக்கிய ஒரு பற்சக்கரமும் கிடந்தது. அதை மோட்டார் சுற்றலாம், பாரம் திருப்பிச் சுற்ற முடியாது. அதைப் போட்டேன். பட்டரியைக் கழற்றினாலும் பாணோடு கூடை அந்தரத்தில் அசையாமல் தொங்கியது. தங்கூசியையும் இரட்டையாக்கினேன். லீவரும் பிரேக்கும் வந்துவிட்டன. சிக்னல்காரர்தான் இல்லை. கதிரையில் இருக்கிறவனுக்குக் கிறிலுக்குக் கீழே ஒன்றும் தெரியாது.

மனைவி குசினி வாசலில் இருந்து வல்லாரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எனக்கு ஒரு சிக்னல்காரர் வேணும்," என்றேன். "வீடு போகத்தான் போகுது. போறதுக்கு முந்தி ஒரு தரமாவது இதை ஒழுங்காச் செய்து பாக்கோணும். நீர் கீழ தள்ளி நிண்டு கையைக் காட்ட ஏலுமா?"

அவள் கீரையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்ப நான் கீழ போகலாம்?"

"என்ன கேள்வி இது? ஆர் போகவேணாம் எண்டது?"

"நீங்கதான். இனி இறங்கவே தேவையில்ல எண்டீங்க." அவளுடைய குரல் கொஞ்சம் உயர்ந்தது. "நான் இவ்வளவு நாளும் பாணுக்காகத்தான் இறங்கினனான் எண்டு நினைச்சீங்களா? கீழ் வீட்டு அக்காவோட வாசல் திண்ணையில இருந்து பத்து நிமிசம் கதைக்கிறன். கோயிலடியில ஆர் வந்தது, ஆருக்குச் சுகமில்ல எண்டு கேக்கிறன். அதுதான் எனக்கு ஒரு நாள். படி ஏறுறது எனக்குக் கஷ்டமில்ல. பையோட ஏறுறதுதான் கஷ்டம். பையை மட்டும் நீங்க தூக்கியிருந்தா நான் உங்களைக் கும்பிட்டிருப்பன். என்னையும் சேர்த்தெல்லோ மேல தூக்கி வச்சிட்டீங்க."

"அப்ப ஏன் சொல்லேல்ல?"

"கேட்டீங்களா?"

அவள் மறுபடி கீரையை எடுத்தாள்.

"அண்டைக்கு அது விழேக்க நான் செத்தன் எண்டுதான் நினைச்சன். பிறகு, மாதாவே என்னை மன்னிக்கோணும், நல்ல காலம் உடைஞ்சுது எண்டும் ஒரு நினைப்பு வந்தது."

"வெள்ளவத்தைக்குப் போக உமக்கு விருப்பமோ?" என்று கேட்டேன். நாற்பது வருடத்தில் அவளிடம் இப்படி ஒரு கேள்வியை நான் எத்தனை தரம் கேட்டிருப்பேன் என்று எண்ணினால் ஒரு கை விரல்களே அதிகம்.

"அங்க லிஃப்ட் இருக்கு," என்றாள். "லிஃப்ட்டில இறங்கி நான் ஆரோட கதைக்கிறது?" மகளிடம் நீரே சொல்லும் என்றேன். பார்ப்போம் என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கப் பதினொரு மணிக்கு வத்தளையில் இருந்து ஒரு குடும்பம் வருவதாக இருந்தது. மகள் ஒன்பதரைக்கே வந்து, திரைச்சீலையை மாற்றி, என் துண்டு துணுக்குகளைப் பெட்டிக்குள் தள்ளினாள். பல்கனியில் இருந்த கிரேனைக் கழற்றக் கையை வைத்தாள். அந்த நேரம் கீழே பாண்காரரின் மெட்டுக் கேட்டது.

"அதைத் தொடாத," என்றாள் மனைவி. "நான் பாண் வாங்கிற்று வாறன்."

"அம்மா, நான் போய் வாங்கிறன்."

"நீ அப்பாவோட நில்." வெறுங்கையோடு படியில் இறங்கினாள். நான் கூடையை இறக்கினேன். மகள் கிறிலில் சாய்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கதிரையைக் கிறிலோடு ஒட்டிப் போட்டு, கட்டிடத்தில் இருந்து தள்ளி, வீட்டு முன் ஒழுங்கையின் மறுகரையில் நிற்பவரை மட்டும் பார்க்கும்படி வைத்திருந்தேன். மனைவி கூடையில் சாமானை வைக்கும்வரை காத்திருந்தேன், பிறகு அவள் தள்ளிப்போய் மறுகரையில் நின்றாள். பாரத்தில் இருந்து பத்தடி தூரம். அவள் இடது கையை, நல்ல கையை, உயர்த்தி, சுட்டுவிரலை மேலே காட்டிச் சின்ன வட்டம் போட்டாள்.

நான் திகைத்துப்போனேன். தூக்கு என்ற சைகை அது, எங்கள் துறைமுகத்துச் சைகை, ஒரு அட்சரம் பிசகாமல். நான் அவளுக்கு இந்த முறை எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. கையைக் காட்டும் என்று மட்டும்தான் கேட்டிருந்தேன். மீன் முள் எடுத்துக்கொண்டு "ம்" கொட்டியவள் ஒன்றையும் விட்டிருக்கவில்லை.

தட்டினேன், ஒரு முழம். தட்டினேன், இன்னொரு முழம். இரண்டாம் மாடியளவில் அவளுடைய கை முட்டியாக மூடியது. நிறுத்தினேன். இரண்டாம் மாடிக் கொடியில் காய்ந்த படுக்கை விரிப்பு காற்றில் எழும்பிக் கூடையை மூடப் பார்த்ததாம், மகள் சொன்னாள். எனக்கு அது தெரியவே இல்லை. விரிப்பு அடங்கியதும் அவள் திரும்பவும் விரலால் வட்டம் போட்டாள். பாண்காரரும் வண்டியில் சாய்ந்துகொண்டு பார்த்தார். கூடை பொத்தானை மெல்ல முட்டி நின்றது. நான் டெப்லட்டில் இருந்து கையை எடுத்துத் தூரப் பிடித்தேன். கூடை அசையவில்லை.

"நல்லாத்தான் இருக்கப்பா," என்றாள் மகள், மனதில்லாமல். கூடைக்குள் கையை விட்டு ஒரு றாத்தல் பாணை எடுத்தாள். அதன் அடியில் இரண்டாக மடித்து ஒரு தாள் இருந்தது. விரித்தாள். விற்பனைக்கு என்று மூன்று மொழியில் அடித்த தாள். கேற்றில் கட்டியிருந்த நூல் நான்கு மூலையிலும் அப்படியே தொங்கியது.

மகள் அதில் இருந்த தன் போன் இலக்கத்தைப் பார்த்தாள். பிறகு கிறிலைப் பிடித்துக் குனிந்து, "அம்மா, என்னம்மா இது?" என்று கத்தினாள்.

மறுகரையில் மனைவி இடது கையை உயர்த்தி, விரல்களை முட்டியாக மூடிப் பிடித்தாள். இந்த முறை அவள் என்னைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தாள்.

"அது என்னப்பா? அம்மா என்ன காட்டுறா?"

"நிப்பாட்டு எண்டு சொல்லுறா," என்றேன். "அதை ஆர் காட்டினாலும் நிப்பாட்டோணும். ஏன் எண்டு கேக்கக்கூடாது."

மகள் என்னைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள். பாணை என் மடியில் வைத்துவிட்டு, போனை எடுத்து, வத்தளைக்காரரின் இலக்கத்தைத் தேடினாள். அவள் பேசி முடிக்கும்வரை கீழே அந்தக் கை இறங்கவில்லை.